ஓரெழுத்தும் பிசகாத மரங்கள்

பிராகோவின் எண்ணெய்ப்பனைகள் எல்லாத் தேர்விலும் தேறியிருந்தன. பழம் வைக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. அந்தக் குறையைக் கேட்டுக்கொள்ள, நாற்று கொடுத்த ஒப்புமை நிலையத்தில் யாருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை.

பழமே வைக்கவில்லை என்று சொல்வதும் சரியாகாது. மரங்கள் குலை தள்ளின. குலையில் பழம்போல ஏதோ இருந்தது. ஆனால் ஒவ்வொரு பழத்தையும் சுற்றிக் கோழிக்கால் விரல்களைப் போலத் தடித்த கொம்புகள் முளைத்து, நடுவில் இருப்பதைப் பொத்திக்கொண்டிருந்தன. பெரும்பாலானவை பழுக்கும் முன்பே அழுகி விழுந்தன. விழாமல் தப்பியதைக் கூடையில் அள்ளிக்கொண்டு பிராகோ கடைத்தெருவுக்குப் போனாள். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் டெடே அவளுடைய சிநேகிதி. பனம்பழக் குழம்பில் அபெனாசே ஊரில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

டெடே பழங்களை வேகவைத்து, உரலில் இடித்து, சக்கையைப் பிழிந்தாள். சட்டியில் சாம்பல் நிறத் தண்ணீர் நின்றது.

"எண்ணெய் எங்கடி?"

"அதைத்தான் உங்கிட்டக் கேக்க வந்தேன்."

"நான் துணி அலசுன தண்ணியில இதைவிட எண்ணெய் இருக்கும். இதுல ஃபூஃபூ உருண்டையைப் போட்டு நீட்டுனா லாரி டிரைவருங்க என்னைத் தூக்கி இதுலயே போட்ருவானுங்க." டெடே ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன, பிசாசோட விரலா? எங்க வாங்கின இந்த நாத்தை?"

"நிலையத்துல. வேற எங்க?"

"அப்போ சரிதான்."

நிலம் பிராகோவுடையது அல்ல. நானா பாஃபோவின் குடும்பத்துடையது. இந்தப் பக்கத்து வழக்கம் இதுதான்: ஒருவர் நிலம் கொடுப்பார், இன்னொருவர் காடு வெட்டித் தோட்டம் போடுவார். தோட்டம் காய்ப்புக்கு வந்ததும் சரிபாதியாகப் பிரித்து, பாதியை உழைத்தவருக்கு விட்டுவிடுவார்கள். காய்ப்புக்கு வராவிட்டால் நிலம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். காய்ப்பு என்றால் என்னவென்று யாரும் விளக்கம் எழுதி வைக்கவில்லை. கண் இருந்தால் தெரியும் என்று விட்டிருந்தார்கள்.

நானா பாஃபோ கொடுமைக்காரர் அல்ல. ஆனால் அவருடைய அக்கா பிள்ளைகள் அவசரக்காரர்கள். இந்தப் பக்கத்தில் சொத்து தாய்வழியில் போவதால் அவருக்குப் பின் நிலம் அவர்களுக்குத்தான். தங்கம் தோண்டுகிற கூட்டத்தை அவர்கள் ஏற்கெனவே வீட்டுக்கு அழைத்து வந்து உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கை அந்தக் கூட்டம் தோண்டிவிட்டுப் போயிருந்தது. அங்கே இப்போது குழிகளும் மஞ்சள் சேற்றுத் தண்ணீரும்தான் இருக்கின்றன. புல்கூட அந்தப் பக்கம் போவதில்லை.

"விவசாயிகள் தினம் வரைக்கும் பொறுத்துக்கறேன் பிராகோ," என்றார் நானா. "கோளாறு நாத்துலதான்னு நிலையத்துக்காரன் ஒரு வார்த்தை சொல்லட்டும். இன்னொரு தவணை தர்றேன், மறுபடி நடு. ஆனா கோளாறு உன் கைவேலையிலன்னு ஆயிட்டா, என் அக்கா பிள்ளைங்க வாயை நான் எதை வச்சு அடைக்கட்டும்?"

ஒரு வார்த்தை. அதைக் கேட்டு வாங்க பிராகோ குலையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒப்புமை நிலையத்துக்குப் புறப்பட்டாள்.

வாசலில் காவலாளி தடுத்தான். "பழம் உள்ள போகக் கூடாது. அனுமதி வேணும்."

"இது பழமில்லை தம்பி. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

அவன் யோசித்தான். "பழமில்லைன்னா போகலாம்," என்று கதவைத் திறந்தான்.

முற்றத்தின் நடுவில், இரும்பு வேலிக்குள், தாய்மரம் நின்றது. அதன் இலைக் குருத்திலிருந்து எடுத்த திசுவைக் கண்ணாடிச் சீசாக்களில் வளர்த்துத்தான் நாடெங்கும் நாற்று கொடுக்கிறார்கள். அதற்குத் தனிக் காவல் இருந்தது. பிராகோ போன அன்று திங்கட்கிழமை. ஊழியர்கள் எல்லோரும் மரத்தைச் சுற்றி நின்று, நெஞ்சில் கை வைத்து, "ஓரெழுத்தும் பிசகோம்" என்று உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே சிவந்த குலைகள் பெருத்துத் தொங்கின. கொம்பில்லாத பழங்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

தலைவர் டாக்டர் ஒவிரெடு கோட்டுப் போட்டிருந்தார். அறையின் குளிருக்கு அது தேவைப்பட்டது. குலையோடு அவள் கொண்டுவந்திருந்த இலையை மட்டும் வாங்கிக்கொண்டு, பிறகு வரச் சொன்னார். பிறகு வந்தபோது எழுந்து நின்று கைகொடுத்தார்.

"வாழ்த்துகள் அம்மா. உங்க மரத்தோட டி.என்.ஏ.வை முழுசாப் படிச்சிட்டோம். தாய்மரத்தோட எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கு."

"சரிங்க ஐயா. பழம்?"

"பழத்தை நாங்க படிக்கிறதில்லை."

பிராகோ மறுபடி சுமந்து வந்திருந்த குலையை மேசைமேல் வைத்தாள். ஒரு பழம் உதிர்ந்து உருண்டது. "இந்தக் கொம்பு எங்கேருந்து வந்துச்சு ஐயா?"

"எழுத்துல கொம்பு இல்லை. எழுத்துல இல்லாதது மரத்துல இருக்க முடியாது. ஆகவே நீங்க கொண்டுவந்திருக்கிறது பழம் இல்லை அம்மா. ஓர் அபிப்பிராயம்."

பிராகோ தன் அபிப்பிராயத்தைப் பார்த்தாள். அதிலிருந்து எறும்புகள் வரிசையாக இறங்கி அவருடைய மேசையைக் கடந்துகொண்டிருந்தன.

"நாத்து கெட்டதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும் ஐயா. எனக்கு நிலம் நிக்கும்."

டாக்டர் ஒவிரெடு வருத்தத்தோடு சிரித்தார். "இந்த நிலையம் தொடங்குன நாளிலேருந்து ஒரு நாத்துகூடக் கெட்டதில்லை. எப்படின்னு கேளுங்க. கெட்ட நாத்துன்னா என்னன்னு நாங்க இன்னும் வரையறுக்கலை. வரையறுத்தா மறுநாளே ஊர்பூரா கெட்ட நாத்தாத்தான் இருக்கும். மக்களோட தைரியத்தைக் கெடுக்கிறது அறிவியலோட வேலை இல்லை."

மூலை மேசையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "சார், எழுத்து மேல குறி இருக்கு. அதை நாம பார்க்கவே இல்லை."

பேசியவள் ஞார்கோவா. ஆய்வுக்கூடத்தில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பெண். பேசி முடித்ததும், பேசியது தானில்லை என்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

"மிஸ் ஞார்கோவா," என்றார் தலைவர், "நம்ம துறை எழுத்துத் துறை. குறித் துறைன்னு ஒண்ணு இருக்கா?"

"இல்லை சார்."

"துறையே இல்லாத விஷயம் எப்படி இருக்க முடியும்?"

பிராகோ லாரிக்குக் காத்திருந்த இடத்துக்கு ஞார்கோவா ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, எழுத்து சரிதான். பொய் சொல்லலை. ஆனா எல்லா எழுத்தையும் மரம் சத்தமாப் படிக்கக் கூடாது. சிலதை மூடி வைக்கணும். மூடி வைக்க எழுத்து மேல சின்னச் சின்னதா ஒரு குறி ஒட்டியிருக்கும். மெதில்னு பேரு."

"எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு, தங்கச்சி."

ஞார்கோவா யோசித்தாள். "உங்க கோயில்ல பாஸ்டர் பிரசங்கம் பண்றார். நடுவுல ஒரு பழைய குடிகாரன் உக்காந்திருக்கான். அவனை வெளிய தள்ள முடியாது, தலைமுறை தலைமுறையா அங்கதான் இருக்கான். அதனால வாயில துணி வச்சுக் கட்டியிருக்காங்க. பிரசங்கம் ஒழுங்கா முடியும். துணியை அவிழ்த்துட்டா?"

"கத்துவான்."

"பிரசங்கம் பாதியில அறுந்துடும். உங்க மரத்துல பூவை ஒழுங்கா உருவாக்குற ஒரு மரபணு இருக்கு. அதுக்குள்ள அப்படி ஒரு குடிகாரன். சீசாவுல வளர்க்கும்போது அவன் வாய்த்துணி, அந்த மெதில் குறி, கழண்டு போச்சு. சேதி பாதியில நிக்குது. பூவுல ஆண் உறுப்பா வர வேண்டியது பழத்தோலா வருது. அதுதான் கொம்பு. ஒரு எழுத்தும் மாறலை. பேசக் கூடாதவன் பேசிட்டிருக்கான், அவ்வளவுதான்."

பிராகோ குலையிலிருந்த ஒரு கொம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "இது முன்னாடியே தெரியுமா?"

"இலையிலேயே பார்க்கலாம் அக்கா. நாத்தா இருக்கும்போதே. நான் கேட்டேன். குறி நம்ம வேலை இல்லைன்னுட்டாங்க."

"நான் குழி தோண்டுறதுக்கு முன்னாடியே."

"ஆமா அக்கா."

லாரி வந்தது. பிராகோ ஏறிக்கொண்டாள். மடியில் அழுகிய குலை வைத்திருந்ததால் நடத்துநர் அவளை மூன்று இருக்கை தள்ளி உட்காரச் சொன்னார்.

பிராகோ சும்மா இருக்கவில்லை. மனுமேல் மனு போட்டதில் தோட்டத்தைப் பார்வையிட ஒரு குழு வந்தது. குழுவினர் எல்லோரும் ரப்பர் பூட்ஸும் கழுத்துப்பட்டையும் அணிந்திருந்தார்கள். மரத்துக்கு ஓர் இலை வெட்டி, பையில் போட்டு, முத்திரை வைத்தார்கள். அவர்களுக்கு இடப்பட்ட உத்தரவில் இலை என்றுதான் இருந்தது. ஆகவே இலைக்கு மேலே பார்க்காமல் நடந்தார்கள். குழுத் தலைவரின் காலடியில் அழுகிய குலை ஒன்று தொப்பென்று விழுந்தது. அவர் பதறாமல் சுற்றிக்கொண்டு போனார்.

"ஐயா, அதைப் பாருங்க," என்றாள் பிராகோ.

"அது ஆய்வு எல்லைக்கு வெளியில விழுந்திருக்கும்மா."

தோட்டத்தின் ஓரத்தில் பறவை போட்ட விதையில் முளைத்த காட்டுப்பனை ஒன்று நின்றது. யாரும் நட்டதில்லை. சிவப்புப் பழம் கொத்தாகத் தொங்கியது. டெடேயின் கடைக்குப் பிராகோ கொடுக்க முடிந்த பழம் அந்த ஒரு மரத்துடையதுதான். குழு அதன் இலையை மோந்து பார்த்தது. பிறகு தண்டில் சிவப்புச் சாயத்தால் பெரிய பெருக்கல் குறி போட்டது.

"இது எதுக்கு?"

"மத்த மரத்தோட ஒத்துப்போகலை. வெட்டிடுங்க. உங்க தோட்டத்தோட பெருமையே இதனாலதான் குறையுது."

அறிக்கை வந்தது. எல்லா மரமும் ஒன்றுபோல இருப்பதில் நாட்டிலேயே பிராகோவின் தோட்டத்துக்கு இணையில்லை. மற்ற தோட்டங்களில் சில மரங்கள் காய்த்து அந்த ஒற்றுமையைக் குலைத்திருந்தன. ஆகவே விவசாயிகள் தினத்தில் அவளுக்கே மாவட்டத்தின் முதல் பரிசு.

கேட்டதும் டெடே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "பரிசா? காய்க்காததுக்கா?"

"ஒரே மாதிரி காய்க்காததுக்கு."

"அப்போ கோளாறு நாத்துல இல்லைன்னு மேடை போட்டுச் சொல்லப் போறாங்க. நானா முன்வரிசையில உக்காந்து கேட்டுட்டிருப்பார்." டெடே அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "போகாதே."

"போகலைன்னாலும் சொல்லத்தான் போறாங்க. போயே கேக்கறேன்."

பரிசைப் பற்றி ஆய்வுக்கூடத்தில் ஞார்கோவா ஏதோ முணுமுணுத்ததாகச் செய்தி பரவியிருந்தது. அவளை நிலையத்தின் ஒலிபெருக்கிப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். விழாக்களில் யாராவது குறிப்பில் இல்லாததைப் பேசத் தொடங்கினால் ஒலிவாங்கியை அணைப்பது அவள் வேலை. வாய் மூடுவதைப் பற்றி அவ்வளவு தெரிந்தவள் அதற்குப் பொருத்தம் என்று தலைவரே கையெழுத்திட்டிருந்தார்.

விவசாயிகள் தினத்தன்று வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்று தொடங்கிவிட்டது. பள்ளி மைதானத்தில் பந்தலின் மேல் புழுதி படிந்தது. சனிக்கிழமைகளில் சாவுச் சடங்குகளுக்குப் போகும் ஆளுயர ஒலிபெருக்கிகளை வாடகைக்கு எடுத்து மேடையின் இருபுறமும் நிறுத்தியிருந்தார்கள். அமைச்சரின் பிரதிநிதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. முன்வரிசையில் குடைக்கடியில் நானா பாஃபோ, பக்கத்தில் அவருடைய அக்கா பிள்ளைகள்.

டாக்டர் ஒவிரெடு பேசினார். "விளைச்சல், விளைச்சல்னு கத்துன காலம் ஒண்ணு இருந்துச்சு. இன்னிக்கு நாம அதைத் தாண்டி வந்துட்டோம். விளைச்சல் மழையைப் பொறுத்தது, மண்ணைப் பொறுத்தது. நம்ப முடியாது. எழுத்து அப்படி இல்லை. எழுத்து ஏமாத்தாது. ஒரு மரம் காய்க்கலைன்னா, அது தன் கடமையைச் செஞ்சிடுச்சு, விவசாயி செய்யலைன்னு அர்த்தம்." அக்கா பிள்ளைகள் பலமாகக் கை தட்டினார்கள். நானா தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிராகோவை மேடைக்கு அழைத்தார்கள். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு வெட்டுக்கத்தி, முதுகில் மாட்டும் மருந்து தெளிப்பான், மெழுகுச் சாயத் துணி. எல்லாவற்றையும் அவள் கைகளில் அடுக்கிப் படம் எடுத்தார்கள். படம் எடுக்கிறவன் சிரிக்கச் சொன்னான். முகத்தை அவள் என்ன செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. நன்றி சொல்லும்படி ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

மேடை ஓரத்தில் ஞார்கோவா விசைமேல் விரல் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா," என்றாள் பிராகோ, "ஒரு சந்தேகம். என் மரமும் தாய்மரமும் ஒண்ணுதானே?"

"எழுத்துக்கு எழுத்து ஒண்ணு," என்றார் டாக்டர் ஒவிரெடு. கூட்டம் கை தட்டியது.

"வித்தியாசமே கிடையாது?"

"படைச்சவனே இறங்கிவந்தாலும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

"அப்போ இந்தப் பரிசெல்லாம் வேண்டாங்க ஐயா." பிராகோ பூட்ஸைக் கீழே வைத்தாள். "தாய்மரத்தை எனக்குக் கொடுத்துருங்க. என் தோட்டத்துல எது வேணுமோ நீங்க எடுத்துக்கோங்க. ஒண்ணுக்கு ஒண்ணு."

சிரிப்பு எழுந்தது. தலைவரும் சிரித்தார். "மரத்தை எப்படியம்மா பேத்து எடுத்துட்டுப் போவீங்க?"

"பேக்க வேண்டாம். அது அங்கயே நிக்கட்டும். குலை மட்டும் எனக்கு. என் தோட்டத்துக் குலை பூராவும் உங்களுக்கு. ஒண்ணுக்குப் பதிலா ஒரு தோட்டமே தர்றேன். லாபம் உங்களுக்குத்தான். நானா இங்கதான் இருக்கார், சாட்சிக்கும் ஆள் இருக்கு."

சிரிப்பு குறைந்தது. டாக்டர் ஒவிரெடு ஞார்கோவாவின் பக்கம் திரும்பிக் கண்ணால் சாடை காட்டினார். விசைமேல் இருந்த விரல் அங்கேயே இருந்தது. அழுத்தவில்லை.

அமைச்சரின் பிரதிநிதிக்கு இது எதுவும் பிடிபடவில்லை. விழா சீக்கிரம் முடிய ஒரு வழி பிறந்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. தலைவரின் பக்கம் சாய்ந்தார். "நல்ல யோசனையாத்தானே இருக்கு டாக்டர். ரெண்டும் ஒண்ணுன்னா கொடுத்துருங்களேன். படம் எடுத்துட்டுக் கிளம்பலாம்."

டாக்டர் ஒவிரெடு, தன் முன்னிருந்த ஒலிவாங்கி அணைந்துவிட்டதென்று நம்பி, அவர் காதோடு காதாகச் சொன்னார். "அதைக் கொடுக்க முடியாது சார். அது காய்க்கிற மரம்."

ஆளுயர ஒலிபெருக்கிகள் அதைப் பள்ளிக்கூடச் சுவர்வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தன. காய்க்கிற மரம்.

பின்வரிசையிலிருந்து டெடே எழுந்தாள். "சரியாக் கேக்கலை ஐயா. இன்னொரு தடவை சொல்லுங்க."

"எனக்குக் கேட்டுச்சு," என்றார் நானா பாஃபோ. கைத்தடியை ஊன்றி எழுந்து அக்கா பிள்ளைகளைப் பார்த்தார். "உங்களுக்கும் கேட்டுச்சு. எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம். பிராகோ, மழைக்கு முன்னாடி அந்தச் சனியனை வெட்டிட்டு வேற நடு."

அன்றைய விழாவில் ஒலிபெருக்கி பழுதாகி, இல்லாத சொற்கள் சில கேட்டதாக நிலையம் அறிக்கை விட்டது. பழுதுக்குப் பொறுப்பான ஞார்கோவா தாய்மரத்தின் வேலிக்குள் காவலுக்கு மாற்றப்பட்டாள். அங்கே ஒலிவாங்கி கிடையாது. பார்வையாளர்களோடு பேசவும் கூடாது. கெட்ட நாற்று என்றால் என்னவென்று இன்றுவரை அங்கே வரையறுக்கவில்லை.

வேண்டாமென்றும் வீட்டுக்கு அனுப்பிவைத்த பரிசு வெட்டுக்கத்தியின் பிடி இரண்டாவது வெட்டில் கழன்றது. பிராகோ அண்டை வீட்டில் கோடாலி இரவல் வாங்கினாள். மரங்களைச் சாய்த்து, சில நாள் கிடக்கவிட்டு, தண்டில் குழி வெட்டி, தீக்கொள்ளி காட்டி, அடியில் பானை வைத்தாள். கள் இறங்கியது. அந்த மரங்கள் அவளுக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். டெடே அதை விற்றாள். சிவப்புக் குறி போட்ட காட்டுப்பனை நின்ற இடத்திலேயே நின்றது.

கடைசி மரத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது சாலையில் பாட்டுச் சத்தம் கேட்டது. நிலையத்து வேன். பின்னால் கறுப்புப் பைகளில் நாற்றுகள் அடுக்கியிருந்தன. வேனின் பக்கவாட்டில் ஒரு பெரிய படம். ரப்பர் பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். 'ஓரெழுத்தும் பிசகாத தோட்டம். நீங்களும் நடுங்கள்.'

அது தன் முகம் என்று பிராகோவுக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் கோடாலியோடு சாலையின் நடுவில் போய் நின்றாள். வேன் நின்றது.

"எங்க போகுது இது?"

"அடுத்த ஊருக்கு அக்கா." ஓட்டுநர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்கதானே அது?"

"இந்த நாத்துல குறி பார்த்தாங்களா?"

"என்ன குறி?"

பிராகோ கோடாலியை வேலியோரம் சாத்தினாள். வெட்டிப்போட்ட மரத்திலிருந்து கொம்பு முளைத்த குலை ஒன்றை அறுத்தெடுத்து வந்து, முன்கதவைத் திறந்து ஏறி, குலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, உத்தரவில்லாம ஆளை ஏத்தக் கூடாது."

"என்னை ஏத்தியாச்சேப்பா. ஊர்பூரா காட்டிட்டுத்தானே வர்றே. வண்டியை எடு."

அவன் எடுத்தான். முன்கண்ணாடிக்குக் கீழே, கூரை ஒலிபெருக்கியின் ஒலிவாங்கி ஒன்று கம்பிச் சுருளோடு தொங்கியது. பிராகோ அதைக் கையில் எடுத்தாள்.

"இதுக்கு விசை எது?" என்றாள்.